சட்டம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு

அமாவாசை இரவில் மேல்மலையனூர் தூங்குவதில்லை. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குச் சென்னை, புதுச்சேரி, பெங்களூரு என்று நாலாபக்கமிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வரும். அரசு நினைத்தால் ஒரே இரவில் எத்தனை பஸ் விட முடியும் என்பதை மாதம் ஒருமுறை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். மறுநாள் காலையில் எங்கள் காலனியிலிருந்து விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றால், மெயின் ரோடு வரை நடந்து, செஞ்சிக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி விழுப்புரத்துக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தவறவிட்டால் முதல் வகுப்பு போயிற்று. ஆனால் செய்யாறு சிப்காட்டுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கிறது.

என் சித்தி மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு இந்த இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே நிற்கிறாள். ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர வேண்டும் என்கிறாள். சித்தி என்னிடம் கேட்டது இதுதான்: “நமக்கு எதுக்குப்பா கோர்ட்டு வம்பு? நர்சுக்குப் படிச்சா கைமேல வேலை.” பள்ளியில் ஓர் ஆசிரியர், “பொம்பளப் புள்ள வக்கீலுக்குப் படிச்சு யாரோட சண்டை போடப்போற?” என்றாராம். எங்கள் இயக்கத்துத் தோழர் ஒருவரோ வேறு திசையிலிருந்து வந்தார். “சட்டத்தால் சாதி ஒழியாது தோழர். அது அவர்கள் எழுதிவைத்தது” என்றார்.

சித்தியின் பயம் எனக்குப் புரிகிறது. ஆசிரியரின் கேலியும் புதிதல்ல. தோழரின் தத்துவத்தோடுதான் எனக்குச் சண்டை. மூன்று பேரும் வெவ்வேறு காரணம் சொல்லி ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: அந்தப் பெண் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டாம்.

ரசீதுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் உள்ள தூரம்

நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது, திருவிழா நேரத்தில் ஊர்த் தெரு வழியாக வண்டியில் போனதற்காக என் மாமாவை அடித்தார்கள். கை உடைந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். ஒரு தாள் கொடுத்தார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்து அம்மா அதை டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்குக் கீழே வைத்தார். ஒரு வாரத்தில் பெரியவர்கள் கூடிப் பேசி ‘சமாதானம்’ ஆக்கினார்கள். மாமா மருத்துவச் செலவைத் தானே கட்டினார்.

2011இல் நான் சட்டம் சேர்ந்தேன். அப்போது தமிழ்நாடு முழுவதும் அரசு சட்டக் கல்லூரிகள் ஏழுதான். விழுப்புரத்தில் கிடையாது, அது 2017இல்தான் வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்ட வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது, அம்மா பாதுகாத்து வைத்திருந்தது முதல் தகவல் அறிக்கை அல்ல, மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது என்று. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. நான் அப்போது மூன்றாம் ஆண்டு. பழைய சட்டத்தின் 154ஆம் பிரிவு இன்று புதிய சட்டத்தில் 173 ஆகிவிட்டது. எண் மாறினாலும், எங்கள் ஆட்கள் கையில் ரசீதைக் கொடுத்து அனுப்பும் பழக்கம் மாறவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்க அதில் 4ஆம் பிரிவு இருக்கிறது. குற்றவாளிக்கு ஜாமீன் கொடுக்கும் முன் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்று 2015 திருத்தத்தில் சேர்ந்த 15ஏ சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் பெயர் பெற்ற மூத்த வழக்கறிஞரை அரசுத் தரப்பில் நியமிக்கலாம் என்று விதிகளில் 4(5) இருக்கிறது. இவையெல்லாம் எங்கள் மாமாவுக்காகவே எழுதப்பட்டவை. ஆனால் அன்று காவல் நிலையத்தின் வாசலில் இதைச் சொல்ல எங்கள் பக்கம் ஓர் ஆள் இல்லை. அடித்தவர்கள் பக்கம் வக்கீல் இருந்தார். அவர்களுக்கு உறவுமுறையும்கூட.

‘சட்டம் அவர்கள் எழுதியது’ என்று சொல்லும் தோழர் இதை யோசிக்க வேண்டும். எழுதியவர் யார் என்பது ஒரு கேள்வி. வாசலில் நின்று அதைப் படித்துக்காட்டுபவர் யார் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லாதவரை முதல் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பது வசதியான வேலை.

பாடத்தில் இல்லாத தீர்ப்பு

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் கௌரவமான மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற தொனியில் அந்தத் தீர்ப்பு பேசியது. செல்வம் உள்ளவன் கொலை செய்யமாட்டான் என்பது எந்தச் சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது? ஒரு சமூகத்தின் பொதுப்புத்தி நீதிபதியின் பேனாவுக்குள் புகுந்ததற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா? ஐந்தாண்டுகள் சட்டம் படித்த எனக்கு எந்த வகுப்பிலும் இந்தத் தீர்ப்பைப் பாடமாக நடத்தவில்லை. இயக்கக் கூட்டத்தில்தான் கேள்விப்பட்டேன்.

அரசியல் அறிவியலும் அப்படித்தான். பிளேட்டோவில் தொடங்கினோம், அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி, ஹாப்ஸ் வரை நடந்தோம். அரசு என்றால் என்ன, இறையாண்மை என்றால் என்ன என்று மனப்பாடம் செய்தோம். சாதி, ‘இந்திய அரசியலில் சாதியின் பங்கு’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்துபோனது. அம்பேத்கர் ‘அரசியலமைப்பின் சிற்பி’ என்ற ஒரு பத்தியில் உட்கார்ந்திருந்தார். அவர் 1912இல் பம்பாயில் பொருளாதாரமும் அரசியலும் படித்துப் பட்டம் பெற்றவர். 1916 மே மாதம் கொலம்பியாவில் சாதியின் தோற்றம் பற்றி மானுடவியல் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவர். அரசியல் அறிவியலைச் சாதியிலிருந்து தொடங்க வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே செய்துகாட்டிய மாணவர் அவர். நம் பாடத்திட்டம் அவருடைய சிலையை மட்டும் எடுத்துக்கொண்டது.

எங்கள் ஊர்ப் பக்கமே பாருங்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை மராத்திய ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எல்லோரும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளின் பெருமை பேசினார்கள். நான்காவதாக ஒரு சிறு குன்று இருக்கிறது. பெயர் சக்கிலிதுர்க்கம். பெயர்க்காரணம் உறுதியாகத் தெரியவில்லை. படைக்குத் தோல்வேலை செய்தவர்கள் அங்கே குடியிருந்திருக்கலாம் என்பார்கள். சேணமும் செருப்பும் வாளுறையும் இல்லாமல் எந்த ராஜா கோட்டையைப் பிடித்தான்? ‘அரசு என்றால் என்ன’ என்ற பாடத்தை அந்த நான்காவது குன்றிலிருந்து தொடங்கியிருந்தால் நாங்கள் தூக்கம் வராமல் படித்திருப்போம். அந்தப் பெயரைச் சுமக்க வைக்கப்பட்ட மக்களுக்கு 2009இல் தமிழ்நாடு 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு தந்ததும், உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்தப் பாடத்தின் அடுத்த அத்தியாயமாக இருந்திருக்கும்.

கல்லூரியை ஊருக்கு வெளியே வைத்த கதை

சேரியை ஊருக்கு வெளியே வைத்தவர்களுக்குக் கல்லூரியையும் வெளியே வைக்கத் தெரியும்.

1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி, உயர் நீதிமன்றத்தின் பக்கத்திலேயே இருந்தது. 1990இல் அதற்கு டாக்டர் அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். 2008இல் ஒரு தரப்பு மாணவர்கள் தேவர் ஜெயந்திக்கு அடித்த போஸ்டரில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டார்கள். அந்தப் பகை நவம்பர் 12 அன்று கட்டையும் கத்தியுமாக வெடித்தது. போலீஸ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அன்று நடந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. அடித்தவன், அடிபட்டவன் இருவர் வாழ்க்கையும் கெட்டது. ஆனால் திரும்பத் திரும்ப ஓடிய அந்தக் காட்சியில் ஒன்று மட்டும் இல்லை: ஒரு கல்லூரியில் அதன் பெயரைச் சொல்லக்கூட மறுக்கும் சாதி மனம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி.

விசாரணை ஆணையம் அமைத்தார்கள். கல்லூரியை இடம் மாற்றலாம் என்ற பரிந்துரை வந்தது. மெட்ரோ ரயில் பணியில் கட்டடத்தில் விரிசல் விழுந்தது என்ற காரணமும் சேர்ந்துகொண்டது. மாணவர்கள் போராடிப் பார்த்தார்கள். 2018இல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து, ஒன்று புதுப்பாக்கத்துக்கும் மற்றொன்று பட்டறைபெரும்புதூருக்கும் போனது.

இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். புதுக் கட்டடம், விசாலமான இடம். ஆனால் சட்டம் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி நீதிமன்றத்தில் இருக்கிறது. அப்பா வக்கீல், மாமா வக்கீல் என்று இருப்பவன் அந்த மீதியைச் சாப்பாட்டு மேசையிலேயே கற்றுக்கொள்வான். திண்டிவனத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்த முதல் தலைமுறைப் பிள்ளைக்கு வகுப்பு முடிந்ததும் பக்கத்துக் கட்டடத்துக்குள் நடந்துபோய், கடைசி பெஞ்சில் நின்று ஒரு வாதத்தைக் கேட்பதும், மாலையில் ஒரு சீனியர் அலுவலகத்தில் ஃபைல் தூக்குவதும்தான் அந்த மீதிப் பாதி. அந்த நடை தூரத்தைத்தான் பறித்தார்கள். சாதிச் சண்டைக்குத் தீர்வு சாதியைப் பேசுவது என்று இந்த அரசுகளுக்குத் தோன்றவே இல்லை. மாணவர்களைக் கண்ணுக்கு மறைவாக அனுப்பிவிட்டால் போதும் என்றுதான் தோன்றியது.

சீட்டுக்குப் பிறகு வரும் கதவுகள்

“உங்களுக்கென்ன, சீட்டும் கோட்டா, ஹாஸ்டலும் இலவசம்” என்று என் வகுப்பிலேயே ஒரு பேராசிரியர் சொன்னார். அந்த இலவசக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மட்டுமே நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர். ஆதிதிராவிடர் நல விடுதியில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. அதாவது மூன்று வேளைக்கும் சேர்த்து நாளைக்கு 50 ரூபாய். இதற்குப் பெயர் சலுகை.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பக்கம் போனால் கிளாட் தேர்வு. ஆங்கிலத்தில் மட்டும். பட்டியல் சாதி மாணவர் விண்ணப்பிக்கவே 3,500 ரூபாய். உள்ளே போனால் கட்டணம் லட்சங்களில். தமிழ்வழியில் படித்த என் தங்கைக்கு அந்தக் கதவு இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை. ஆக, சட்டக் கல்வியிலும் ஊர், சேரி என்று இரண்டு தெரு போட்டாயிற்று. ஒரு தெருவிலிருந்து பெரிய சட்ட நிறுவனங்களுக்கும் அரசியல் சாசன வழக்குகளுக்கும் போகிறார்கள். மற்றொரு தெருவிலிருந்து தாலுகா கோர்ட்டுக்குப் போகிறோம்.

படித்து முடித்தால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய வேண்டும். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான். ஆனால் நாடு முழுவதும் பார் கவுன்சில்கள் பல பெயர்களில் பல்லாயிரம் ரூபாய் வசூலித்தன. அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலை 30 அன்றுதான். அதுவரை பதிவுப் பணத்துக்காகத் தாலியை அடகு வைத்த தாய்மார்களுக்கு யார் திருப்பித் தருவது? அம்பேத்கருக்கே 1923இல் வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பணம் இல்லை. நண்பர் நவல் பதேனா உதவித்தான் பதிவு செய்தார். நூறு ஆண்டு கழித்தும் சேரிப் பிள்ளைக்கு ஒரு பதேனா தேவைப்படுகிறார்.

பிறகு ஜூனியர் வாழ்க்கை. நான் சேர்ந்த அலுவலகத்தில் முதல் நாள் என் பெயரைக் கேட்டார்கள். இரண்டாவது கேள்வி எந்த ஊர். மூன்றாவது, ஊரில் எந்தப் பக்கம். மாதக் கடைசியில் “பஸ்ஸுக்கு வச்சுக்கோ” என்று சில நூறு ரூபாய். எட்டு மாதத்தில் ஆய்வுப் படிப்புக்கு வந்துவிட்டேன். நான் ஓடிவந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். உதவித்தொகை கிடைத்ததால் ஓடிவர ஓர் இடம் இருந்தது. என்னோடு படித்த பலருக்கு அதுவும் இல்லை. கறுப்புக் கோட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு உணவு டெலிவரிக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து, ஜூனியர்களுக்குப் பெருநகரங்களில் 20,000, மற்ற இடங்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024 ஜூனில் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. அதைக் கேட்டு வாங்கிய ஒரு ஜூனியரை எனக்குக் காட்டுங்கள்.

இத்தனை கதவையும் தாண்டினால் மேலே என்ன? 2018 முதல் உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 715 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22, பழங்குடியினர் 16, பிற்படுத்தப்பட்டோர் 89 என்று 2025 மார்ச்சில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நம் திருப்பத்தூரிலிருந்து போன வரதராஜன் 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி ஆனார். குடியரசாகி முப்பது ஆண்டு கழித்து முதல் ஆள்! கீழே ஜூனியரைப் பட்டினி போட்டுவிட்டு, மேலே ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று கை விரிப்பதற்குப் பெயர் தகுதியா?

தெருவும் நீதிமன்றமும்

இப்போது தோழருக்குப் பதில். சட்டத்தால் சாதி ஒழியாது. உண்மைதான். எங்கள் மாவட்டத்து மேல்பாதியே சாட்சி. 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். 17ஆவது உறுப்பு இருக்கிறது, 1947ஆம் ஆண்டின் கோயில் நுழைவுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நிர்வாகம் ஜூன் மாதம் கோயிலுக்குச் சீல் வைத்தது. தீண்டாமைக் குற்றம் அப்படியே ‘இரு தரப்புப் பிரச்சினை’ ஆகிவிட்டது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில் தலித்துகள் உள்ளே போனபோது சாதி இந்துக்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சாமியைவிடச் சாதி பெரிது என்று அவர்களே காட்டிவிட்டார்கள்.

சரி, அதனால் நாம் நீதிமன்றம் போகாமல் இருந்திருக்க வேண்டுமா? 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியவர் அம்பேத்கர். அதே ஆண்டு டிசம்பரில் மனுஸ்மிருதியை எரித்த போராட்டத்தை நடத்தியவரும் அவரே. அதே குளத்துக்காகச் சாதி இந்துக்கள் போட்ட வழக்கைப் பத்தாண்டு நடத்தி, 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றவரும் அவரே. தெருவா கோர்ட்டா என்ற கேள்வி அவருக்கு இருக்கவில்லை. நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

2003இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகி, முருகேசன் இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். காவல் துறை மறைக்கப் பார்த்தது. ஊர் மறந்துவிடும் என்று நினைத்தது. வழக்கறிஞர் பொ. ரத்தினம் போன்றவர்கள் விடவில்லை. 2021இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தது, காவல் அதிகாரிகளையும் சேர்த்து. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை உறுதிசெய்தது. 22 ஆண்டு! ஒரு வழக்கறிஞர் சோர்ந்திருந்தால் அந்த இரண்டு பெயர்களும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிந்திருக்கும்.

இயக்கங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நடுராத்திரி கைது என்றால் நாம் போன் போடுவது யாருக்கு? அந்த வக்கீல் தோழருக்குப் பெட்ரோல் காசாவது கொடுத்தோமா? மேடையில் பேச்சாளருக்குச் சால்வை போடும் நாம், ஒரு மாவட்டத்தில் இரண்டு ஜூனியர்களுக்கு மூன்று வருடம் மாதச் சம்பளம் தர ஒரு நிதி திரட்ட முடியாதா? அந்த இரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதி வைக்க முடியாதா? அம்பேத்கர் சிலைக்கு இரும்புக் கூண்டு போட்டது அரசு. அவர் கையிலிருக்கும் புத்தகத்தைத் திறக்காமல் வைத்திருப்பது நாம்.

அரசிடம் கேட்பதும் தெளிவாக இருக்கட்டும். சுற்றறிக்கையில் சொன்ன ஊக்கத்தொகை தராத சீனியர் மீது நடவடிக்கை வேண்டும். விடுதி உணவுப்படியை விலைவாசியோடு இணைக்க வேண்டும். சட்ட நூல்களைப் பிழையில்லாத எளிய தமிழில் மலிவாகப் போட வேண்டும். கீழவெண்மணித் தீர்ப்பையும் கண்ணகி, முருகேசன் தீர்ப்பையும் பாடத்தில் வைக்க வேண்டும். சட்டக் கல்லூரி நேரத்துக்குச் செஞ்சி வழியாக ஒரு பஸ் வேண்டும். அமாவாசைக்கு விடுகிறவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

போன வாரம் தங்கைக்காக விண்ணப்பம் போட அமர்ந்தோம். சாதிச் சான்றிதழைத் தேடி அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அந்தச் சி.எஸ்.ஆர். ரசீது இன்னும் அங்கேதான் இருந்தது, மடிப்பில் கிழிந்து. தங்கை அதை எடுத்துப் படித்துவிட்டு, “அண்ணா, இது கேசு இல்லையே?” என்றாள். நான் மூன்று ஆண்டு படித்துத் தெரிந்துகொண்டதை அவள் சேரும் முன்பே கேட்டுவிட்டாள். சித்தி அதற்கப்புறம் நர்சிங் பற்றிப் பேசவில்லை. விண்ணப்பக் கட்டணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

உங்கள் தெருவிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும், அதில் ஒரு ரசீது இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஒரு பிள்ளையை இந்த ஆண்டே அனுப்புங்கள். ஜெய்பீம்.